விதை விழ ஒரு முழம் மண்

ஓணம் வந்தால் நம் எல்லைப்புறக் கிராமங்களில் மலையாளி வீடு, தமிழர் வீடு என்ற வேறுபாடு கிடையாது. அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாட்களும் எல்லா முற்றங்களிலும் பூக்களம் இருக்கும். சென்ற ஓணத்தின்போது என் பேத்தி ஒரு சிறு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, பூப் பறிக்கப் போகலாமா?" என்று கேட்டாள். நானும் உற்சாகமாக எழுந்து வெளியே வந்தேன். சுற்றிப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. மதிலோரம் இரண்டு செம்பருத்தி, கிணற்றடியில் ஒரு நந்தியாவட்டை. மற்ற இடமெல்லாம் வாசல்படியிலிருந்து கேட் வரை இன்டர்லாக் கல். பறித்த பூ கூடையின் அடியைக்கூட மறைக்கவில்லை. கடைசியில் களியக்காவிளைக்குப் போய் அரைக் கிலோ கேந்தியும் கொஞ்சம் வாடாமல்லியும் வாங்கி வந்தேன்.

குழந்தை அதை வைத்து அழகாகவே களம் போட்டாள். பூ விலைக்கு வாங்கியது என்ற குறை அவளுக்கு இல்லை. குறை எனக்குத்தான். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மண்ணோடும் கல்லோடும் காலம் கழித்தவன் நான். பூச்செடிப் பைத்தியம் என்று வீட்டாரிடம் பெயர் வாங்கியவனும்கூட. அப்படிப்பட்டவனால் ஒரு சிறுமியின் கூடையை நிரப்ப முடியவில்லை என்றால், எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன். இதே தவறு பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள நம் அன்பர்கள் பலர் வீட்டிலும் நடந்திருப்பதால், இது என் சொந்தக் கதை மட்டும் அன்று.

என் பூப்பைத்தியம் நீலகிரியில் பிடித்தது. டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்த ஆரம்ப காலத்தில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் சில காலம் பணியாற்றினேன். குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகமண்டலம் வரைக்கும் வண்டி ஓடத் தொடங்கிய பழைய பாதை அது. வெலிங்டன், கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமும் சிறியது. அந்தப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒற்றைத் தண்டாக எழுந்து, அடியிலிருந்து நுனி வரை வரிசையாகப் பூத்து நிற்கும் ஒரு செடியைப் பார்த்தேன். வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு என்று பல நிறம். ஆங்கிலத்தில் ஹாலிஹாக் என்பார்கள். தமிழில் சீமைத்துத்தி என்று பெயர். தண்டின் அடியில் உள்ள மொட்டு முதலில் விரியும், பிறகு படிப்படியாக மேலே ஏறும். கைகாட்டி மரம்போல அது விறைத்து நிற்பதைப் பார்த்தால் எந்த ரயில்வேக்காரனுக்கும் பிடித்துப்போகும்.

காய்ந்த காயை உடைத்தால் விதைகள் தட்டையான சிறு வட்டுகளாக, சக்கரத்தின் ஆரங்கள்போல நெருங்கி அடுக்கியிருக்கும். ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு வந்தேன். அப்போது போட முடியவில்லை. மாற்றல், பிள்ளைகள் படிப்பு என்று காலம் ஓடிவிட்டது. பணி ஓய்வு பெற்றபின் கோத்தகிரியில் இருக்கும் நண்பரிடம் புது விதை வாங்கி, கல் பாவாமல் விட்டிருந்த கொல்லைப்புறத்தில் மூன்று முறை முயன்றேன்.

முதல் முறை ஆனி மாதம் போட்டேன். பன்னிரண்டாம் நாள் முளைத்தது. மழை நாலு நாள் விடாமல் பெய்ததும் தண்டின் அடி அழுகி எல்லாம் சாய்ந்தன. இரண்டாம் முறை கார்த்திகையில், மழை ஓய்ந்தபின் போட்டேன். வாழை இலைக்குப் போட்டியாக இலை விட்டது, பூ விடவில்லை. காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இது ஈராண்டுப் பயிர். முதல் ஆண்டு இலையும் ஆழமான ஆணிவேரும் மட்டும். இடையில் ஒரு குளிர்காலத்தைக் கண்டால்தான் அடுத்த ஆண்டு தண்டு எழும்பிப் பூக்கும். நம் ஊரில் தை மாத இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். செடி குளிரை எதிர்பார்த்துக் காத்திருந்தது, கடைசி வரை அந்த வண்டி வரவேயில்லை. மூன்றாம் முறை, விதைத்த ஆண்டே பூக்கும் வகை என்று சொல்லி விற்ற பாக்கெட்டை வாங்கிப் போட்டேன். இரண்டடி வளர்ந்து நாலு பூ பூத்தது. இலையின் அடியில் செம்பழுப்புப் புள்ளிகள் வந்து முடிந்துபோயிற்று.

அந்தப் புள்ளிக்குத் துருநோய் என்று பெயர். தண்டவாளத்தில் துருவோடு போராடியவனைச் செடியிலும் துரு விடவில்லை! தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பரவிய இந்நோய் 1870-களில் இங்கிலாந்தின் சீமைத்துத்தித் தோட்டங்களைப் பாழாக்கியது. அதற்கு அஞ்சி இன்றும் அங்கே பலர் பழைய செடியைக் காப்பாற்றிக்கொண்டிராமல் விதையிலிருந்து புதிய செடி எழுப்புகிறார்கள்.

நான் இந்த நாலு பூவுக்கு வேலி கட்டிக் காவல் காத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஓலை முடைய வந்திருந்த ஒரு பெரியம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாறே, இது நம்ம வேலிக்க ஓரத்துல நிக்கிய துத்தி தானே? இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார்.

சிரிப்பதற்காகச் சொன்னாலும் அவர் சொன்னது தாவர சாஸ்திரப்படியும் சரி. நம் ஊர்த் துத்தியும் சீமைத்துத்தியும் ஒரே குடும்பம். துத்திக் காயும் அதே சக்கர வடிவம்தான். மாலையில் மஞ்சளாகப் பூக்கும். இலையை மூலநோய்க்கு நம் பாட்டிமார் வதக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வெண்டை, புளிச்சகீரை, செம்பருத்தி, பூவரசு, பருத்தி, மலையாள வைத்தியர்கள் விடாமல் கேட்கும் குறுந்தோட்டி எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. இத்தனை உறவுக்காரர்கள் வேலியில் தானாக முளைத்து நிற்க, நான் மலையிலிருந்து ஒருவனை அழைத்துவந்து, அவனுக்கு ஒத்துக்கொள்ளாத ஊரில் வைத்து வதைத்திருக்கிறேன்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நம் முற்றங்களில் பூ இல்லாமல் போனதற்குக் காரணம் நமக்குப் பூவின்மேல் ஆசை குறைந்தது அன்று. ஆசை கூடித்தான் இருக்கிறது. சாலையோர நர்சரிகளில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பாருங்கள். பூத்த செடியைத் தொட்டியோடு வாங்கி வருகிறோம். இரண்டு மாதத்தில் அது காய்ந்தால் வேறொன்று வாங்குகிறோம். இல்லாமல் போனது விதை விழுவதற்கான மண். தும்பையையும் முக்குற்றியையும் யாரும் நட்டு வளர்த்ததில்லை. காசித்தும்பையை ஒரு முறை போட்டால் போதும், காய் வெடித்துத் தானே சிதறி அடுத்த மழையில் தானே வரும். அந்தக் காலத்துப் பூக்களம் இவற்றால் ஆனது. மகாபலிக்கு உகந்தது தும்பைப்பூ என்று மலையாளிகள் சொல்வார்கள். முற்றத்தில் கல்லைப் பாவியதும் இவை அனைத்தும் ஒரே நாளில் வீடிழந்தன. நாம் அதைக் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் இவற்றை நாம் நடவும் இல்லை, விலை கொடுத்து வாங்கவும் இல்லை.

கல் பாவியதற்கு நான் பிறரைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டில் கல் பாவச் சொன்னவன் நானே. சேறு வராது, புல் பிடுங்க ஆள் தேட வேண்டாம், பாம்பு பயமில்லை, கார் நிறுத்தலாம் என்று நாலு நியாயம் சொன்னேன். எல்லாம் சரியான நியாயங்களே. ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிட்டதா? முன்பு முற்றத்தில் இறங்கிய மழைத் தண்ணீர் இப்போது கேட்டைத் தாண்டிச் சாலைக்கு ஓடுகிறது. கிணறு பங்குனியில் அடி தெரிகிறது. பகலில் கல் வாங்கிய சூடு இரவு பத்து மணி வரை திண்ணையில் உட்கார விடுவதில்லை. நம் ஊர் செம்மண்ணை மூடிவிட்டு, தொட்டியில் போடுவதற்காகச் செம்மண்ணை மூட்டை கணக்கில் விலைக்கு வாங்குகிறோம்.

பணிக்காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை எழுத எனக்கு உரிமை இல்லை. ஒரு சிறிய நிலையம், ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கிருந்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பாத்தி நிறையக் காசித்தும்பை வளர்த்துவந்தார். பணி முடிந்து வீட்டுக்குப் போகுமுன் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். பிளாட்பாரத்துக்குத் தளக்கல் பதிக்கும் வேலை வந்தது. வரைபடத்தில் அந்தப் பாத்தியும் அடங்கியிருந்தது. அவர் என்னிடம் வந்து, "சார், ஒரே ஒரு வாரம் தாங்க. விதை முத்திடும், எடுத்துக்கிறேன்" என்றார். செடியைக் காப்பாற்றச் சொல்லவில்லை. விதைக்கு ஒரு வாரம் கேட்டார்.

நான் கொடுக்கவில்லை. மார்ச் 31-க்குள் அளவுப் புத்தகத்தை முடித்துப் பில் அனுப்பவேண்டும் என்ற அவசரம். "பூச்செடிக்காக வேலையை நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன். அன்று மாலை அவர் குனிந்து பச்சைக் காய்களைப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டு போனதைப் பார்த்தேன். முற்றாத காசித்தும்பை விதை முளைக்காது என்பது அன்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும். தளக்கல் வேலை நன்றாகவே முடிந்தது, மேலதிகாரி பாராட்டினார். கோடியில் அந்த ஆறடி நீளத்தை மட்டும் விட்டிருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்திருக்காது. ஒரு வாரம் தள்ளிக் கோடியை முடித்திருந்தாலும் வந்திருக்காது. பேத்தி வெறுங்கூடையோடு நின்றபோது எனக்கு அந்தத் துண்டு முடிச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

சிலர் கேட்கலாம். தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில்தானே இருக்கிறது, வாங்கினால் என்ன குற்றம் என்று. குற்றமே இல்லை. பிச்சியும் அரளியும் கேந்தியும் பயிரிட்டுப் பிழைப்பவர்கள் நம் மக்கள். மாலை கட்டும் அந்தக் கைத்திறனுக்கு ஈடு கிடையாது. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். இந்தப் பக்கத்திலும் குடும்பஸ்ரீ பெண்கள் ஓணத்தை எண்ணிக் கேந்தி பயிரிடுகிறார்கள். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் அவர்களிடம் வாங்குவோம். ஆனால் சந்தைப் பூவும் முற்றத்துப் பூவும் ஒன்றுக்கொன்று பதிலாகாது. சந்தைப் பூவைக் குழந்தை எடை போட்டுப் பார்க்கிறது. முற்றத்துப் பூவை விதையாக, முளையாக, மொட்டாகப் பார்க்கிறது. பெயரைக் கேட்கிறது.

பெயர் என்றதும் இன்னொரு கவலையும் வருகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதன்பின் இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் படித்து வளர்கிறார்கள். அதில் தவறில்லை. ஆயினும் என் பேத்தி கேந்தியை மேரிகோல்ட் என்றுதான் சொன்னாள். அவளுக்குப் புத்தகத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு பலன் தரவில்லை. ஆனால் தும்பை, முக்குற்றி, செம்பருத்தி, பிச்சி, அரளி, காசித்தும்பை, வாடாமல்லி என்று பூக்களின் பெயரைச் சொன்னபோது, பள்ளியில் கேட்ட மலையாளப் பெயரும் ஏறக்குறைய அதுவாகவே இருப்பதைக் கண்டு அவளே வியந்தாள். இரண்டு மொழிக்கும் பொதுவான வாசலாக இந்தப் பூப்பெயர்கள் இருக்கின்றன. பூ இல்லாத முற்றத்தில் அந்த வாசலும் அடைபடுகிறது.

இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம். முற்றத்துக் கல் முழுவதையும் பெயர்த்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. மதிலை ஒட்டி ஒரு முழம் அகலம் போதும். நான் சென்ற தை மாதம் மதிலோரம் இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டேன். இன்டர்லாக் கல்லுக்கு ஒரு வசதி உண்டு, சிமெண்டுப் பூச்சு இல்லாததால் உடைக்காமல் எடுக்கலாம். அடியில் இருந்த கல்பொடியை வாரிவிட்டு, செம்மண்ணும் காய்ந்த சாணமும் இலைமக்கும் கலந்து போட்டேன். பாத்தியை அரையடி உயர்த்தினேன். ரயில் பாதைக்கு ஜல்லி எதற்கு? தண்ணீர் தேங்காமல் வடிய. தண்ணீர் நின்ற இடத்தில் பாதையும் நிலைக்காது, செடியும் நிலைக்காது. என் முதல் சீமைத்துத்திப் பயிர் அழுகியதும் இந்தப் பாடத்தை மறந்ததால்தான்.

ஓணத்துக்குப் பூ வேண்டுமானால் கேந்தி விதையை வைகாசிக் கடைசியிலோ ஆனி முதலிலோ போடவேண்டும். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். மழையில் விதை அடித்துப் போகாமல் தாழ்வாரத்தில் தட்டில் நாற்று விட்டு, நாலைந்து இலை வந்ததும் நடுவது நல்லது. பொங்கலுக்கு வேண்டுமானால் துலா மழை ஓய்ந்துவரும் ஐப்பசிக் கடைசியில் போடலாம். கடையில் வீரிய ஒட்டு விதை வாங்கினால் முதல் பூ பெரிதாக இருக்கும், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. ஆகவே பக்கத்து வீட்டில் பல ஆண்டாக நின்று விளையும் நாட்டுச் செடியின் விதையைக் கேட்டு வாங்குங்கள்.

விதை எடுப்பதில் அவசரம் கூடாது. கேந்திப் பூ செடியிலேயே காய்ந்து, கருப்பு ஊசிபோல விதை தெரியவேண்டும். வாடாமல்லியின் காய்ந்த தலையைக் கையில் கசக்கினால் விதை உதிரும். கோழிக்கொண்டையைக் காகிதத்தின்மேல் தட்டினால் கடுகைவிடச் சிறிய பளபளப்பான கருவிதைகள் கொட்டும். காசித்தும்பைக் காய் வெளுத்துப் பருத்து, தொட்டால் வெடிக்கும் நிலையில் எடுக்கவேண்டும். நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் உலர்ந்த சாம்பலோடு வைத்தால் மழைக்கால ஈரம் தாக்காது. உறையின்மேல் பெயரையும் மாதத்தையும் எழுத மறக்காதீர்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் மேடை அலங்காரத்துக்கு ஆண்டுதோறும் பணம் செலவழிக்கிறோம். செலவில்லாத ஒரு காரியம் சொல்கிறேன். விழா மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போடுவோம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் விளைந்த ஏதேனும் ஒரு பூவின் விதையை உறையில் போட்டுக் கொண்டுவரட்டும். உறையின்மேல் பூவின் பெயரைத் தமிழில் எழுதுவது அந்த வீட்டுக் குழந்தையாக இருக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் பாதகமில்லை. ஒரு உறை வைத்தவர் வேறொரு உறை எடுத்துச் செல்லலாம். மார்கழிக் கோலத்தில் சாண உருண்டையின்மேல் வைக்கும் பூசணிப்பூவுக்கும் விதை வேண்டும், அதையும் யாராவது கொண்டுவாருங்கள். நகரத்தில் மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வாளி மண் போதும்.

என் முற்றத்துச் செய்தியையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கல் எடுத்த இடத்தில் இடவப்பாதி மழைக்குப்பின் நான் போடாத தும்பை ஏழெட்டுச் செடி தானாக வந்தது. எங்கிருந்து வந்ததோ, மதிலுக்கு அப்பாலிருந்து எறும்பு கொண்டுவந்ததோ, கல்லுக்கடியில் காத்துக் கிடந்ததோ, நான் ஆராயவில்லை. பெரியம்மா கொண்டுவந்து தந்த காசித்தும்பை ஒரு வரிசை நிற்கிறது. வரும் ஓணத்துக்கு இவை மட்டும் போதாது, களியக்காவிளைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். ஆனால் களத்தின் நடுவில் வைக்கும் முதல் கைப்பிடி நம் முற்றத்துப் பூவாக இருக்கவேண்டும் என்று பேத்தியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். மிச்சமிருந்த சீமைத்துத்தி விதையைக் கோத்தகிரி நண்பருக்கே அனுப்பிவிட்டேன். அதற்கு அந்த ஊர்தான் சரி.

காசித்தும்பையில் இப்போது காய் பிடித்திருக்கிறது. முற்றுவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். இம்முறை நான் பொறுத்திருக்கிறேன்.